‘கே-ராஸ்’ என்று எழுதியிருக்கிறது, அது எங்களுக்கும் வருமா?

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று கண்டியில் சத்திரசிகிச்சை செய்தார்கள். இப்போது ஸ்கேனில் ஈரலில் இரண்டு கட்டிகள் தெரிகின்றன. ரிப்போர்ட்டில் ‘கே-ராஸ் மாற்றம் உண்டு’ என்று இருக்கிறது. அதனால்தான் ஈரலுக்குப் பரவியதா? பிள்ளைகள் எங்களுக்கும் வருமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: பயப்பட வேண்டாம், கே-ராஸ் என்பது கலத்தின் வளர்ச்சிக் கட்டளையோடு தொடர்புடைய ஒரு மரபணு, அதில் வரும் இந்த மாற்றம் பரம்பரையாக வருவதில்லை. அது அப்பாவின் கட்டிக்குள் பிறகு உண்டானது. குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் ஈரலுக்குத்தான் போகும், அதனால் இந்த நோய் பரவினால் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கிறது. கே-ராஸ் மாற்றம் இல்லாதவர்களுக்கும் பரவுகிறது.

அந்த வரியை வைத்தியர்கள் பார்ப்பது மருந்தைத் தீர்மானிக்கத்தான். இந்த நோய் வந்த பத்துப் பேரில் சுமார் நான்கு பேருக்கு இந்த மாற்றம் இருக்கும். சிடுக்ஸிமாப், பனிடுமுமாப் என்ற ஊசிகள் புற்றுக்கலத்தின் மேற்புறத்தில் வளர்ச்சிக் கட்டளையைத் தடுப்பவை, ஆனால் கே-ராஸ் மாறியிருந்தால் கட்டளை உள்ளேயிருந்தே ஓயாமல் போய்க்கொண்டிருக்கும், ஊசி பொதுவாக வேலை செய்யாது. ஆகவே நகையை அடகு வைத்தாவது அந்த ஊசியை வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். வழக்கமான கீமோவுக்கு இது தடையில்லை.

பிள்ளைகள் பார்க்க வேண்டியது வேறு வரி. ‘எம்எம்ஆர்’ அல்லது ‘எம்எஸ்ஐ’ என்று ஏதும் இருக்கிறதா? கட்டியின் கலங்களில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் அமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைகள் இவை. இல்லையென்றால் கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள். வெட்டியெடுத்த கட்டியின் துண்டைச் சேமித்து வைத்திருப்பார்கள், பெரும்பாலும் இந்தப் பரிசோதனையை அதிலேயே செய்யலாம், அப்பாவை மறுபடி வருத்த வேண்டியதில்லை. எம்எம்ஆர் குறைபாடு என்று வந்தால் பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்து நன்றாக உதவக்கூடும், அப்புறம் லிஞ்ச் எனும் பரம்பரை நோயா என்று உங்களையும் பரிசோதிக்க வேண்டிவரலாம். அப்படி வராவிட்டாலும், 40 வயதில், அல்லது அப்பாவுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, எது முதலில் வருகிறதோ அப்போது, பிள்ளைகள் எல்லோரும் குடலைக் கமராவால் பார்த்துவிடுவது நல்லது.

இந்த நோயைக் கண்காணிக்கச் செய்யும் சீஈஏ என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு கூடினால் உடனே கலங்காதீர்கள். புகைப்பவர்களுக்கும் அது கூடும், தொடர்ந்து ஏறுகிறதா என்பதுதான் கணக்கு.

இன்னொன்று, இதுதான் அவசரம். இரண்டே கட்டிகள் என்றால் அவற்றை வெட்டியெடுக்க முடியுமா என்று ஈரல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படி எடுத்துவிட்டு பல வருடம் நன்றாக இருப்பவர்கள் உண்டு. அடுத்த கிளினிக்கிலேயே இதைக் கேளுங்கள், ஸ்கேன் படங்களையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.