பத்து வருஷம் ஆடினால் மட்டும் பயிற்சியாளர் ஆகிவிட முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 25. பள்ளி நாளிலிருந்து பத்து வருஷம் வாலிபால் ஆடினேன். முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை ஆனதும் போட்டிகளை விட்டுவிட்டேன். இப்போது ஒரு ஜிம்மில் பகுதிநேர உதவியாளர். இந்தத் துறையிலேயே நிலைக்க ஆசை. ஆளுக்கொரு கோர்ஸ் சொல்கிறார்கள். ஆறு வாரத்தில் முடியும் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றுக்குப் பணம் கட்டலாமா என்று யோசிக்கிறேன். எந்தச் சான்றிதழ் வாங்கினால் நல்ல வேலை கிடைக்கும்?

பதில்: தம்பி, உங்கள் முழுக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். சான்றிதழைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் பயிற்சிக்கு வரப்போகிற ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் அந்த ஆளிலிருந்தே தொடங்குகிறேன்.

நானும் ஆட்டத்தை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவன்தான். சேர்ந்த முதல் மாதம், ஐம்பதைத் தாண்டிய ஒருவரை என்னிடம் ஒப்படைத்தார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் அணியின் பயிற்சி மட்டும். அதையே கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன்: ஐந்து செட் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), அப்புறம் லஞ்சஸ் (ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி இறங்கி எழுவது), கடைசியில் படியேற்றம். மனிதர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார். சிரிக்கிறாரே, முடிகிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாள் போன் செய்தால், படியிறங்க முடியவில்லை, கழிப்பறையில் உட்காரவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றார். அதன்பின் அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

பழக்கமில்லாத தசை, அதுவும் எடையைத் தாங்கிக்கொண்டே நீளும்போது, நுண்ணிய அளவில் சேதப்படும். வலி அன்றைக்கே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். அளவு மீறிப் போனால் தசைத் திசுவே சிதைந்து, சிறுநீர் கறுத்துப் போய் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும். அன்று அந்த மனிதர் பிழைத்தார் என்றால் அது என் திறமையால் இல்லை. அவரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கூடக் கேட்டிருக்கவில்லை.

முதலில் கற்க வேண்டியது கேட்பதைத்தான். உடற்பயிற்சி தொடங்கும் முன் கொடுக்கிற 'பார்-கியூ' என்றொரு கேள்வித்தாள் உண்டு. 1970-களில் கனடாவில் உருவானது. இப்போதைய வடிவத்தின் முதல் பக்கத்தில் ஏழு கேள்விகள்: இதய நோய், நெஞ்சு வலி, தலைசுற்றல், நாள்பட்ட நோய், மருந்து, எலும்பு மூட்டுப் பிரச்சினை, மருத்துவர் கண்காணிப்பில்தான் உடற்பயிற்சி என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்பது. இரண்டு நிமிட வேலை. ஆனால் பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டுவிடுவார்கள். "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றால் "இல்லை" என்பார்கள். "பிபிக்கு?" என்று கேட்டால் "ஆமா, அது மட்டும்தான்" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

ஏனென்றால், பிபி மாத்திரைகளில் சில வகை இதயத்துடிப்பை ஏறவிடாது. நீங்களோ 220-லிருந்து வயதைக் கழித்து, இவ்வளவு துடிப்பு வரும்வரை ஓடுங்கள் என்பீர்கள். அவர் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருப்பார், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு ஏறாது. அந்தச் சூத்திரமே ஒரு குத்துமதிப்புதான். ஒரே வயதுள்ள இருவருக்கு இருபது துடிப்பு வித்தியாசம் வருவது சாதாரணம். "ஓடிக்கொண்டே என்னோடு பேச முடியுதா?" என்று கேட்பது பல நேரம் அதைவிட நம்பகமானது.

அடுத்தது சொல்லிக்கொடுப்பது. நன்றாக ஆடியவர்களுக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். பந்துக்கு எம்பும்போது கணுக்கால் என்ன செய்கிறது, இடுப்பு என்ன செய்கிறது என்று நீங்கள் யோசித்ததே கிடையாது. உடம்புக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. புதிதாக வருபவரை ஸ்குவாட் செய்யச் சொல்லி, "முழங்காலை விரிங்க, இடுப்பைப் பின்னால தள்ளுங்க, நெஞ்சை நிமிர்த்துங்க, மூச்சைப் பிடிங்க" என்று ஒரே மூச்சில் நாலு கட்டளை போடுவோம். அவர் பாதியில் மரம்போல நின்றுவிடுவார். அதற்குப் பதில் பின்னால் ஒரு ஸ்டூலைப் போடுங்கள். "இதில உட்காரப் போற மாதிரி போய், லேசாத் தொட்டுட்டு எழுந்திரிங்க" என்றால் போதும். நாலில் மூன்று தானாக நடந்துவிடும். உறுப்புகளைக் கவனிக்கச் சொல்வதைவிட, வெளியே இருக்கும் ஒரு பொருளையோ விளைவையோ கவனிக்கச் சொன்னால் அசைவு நன்றாகப் படிகிறது என்று கேப்ரியேல் உல்ஃப் என்ற ஆய்வாளர் 1990-களிலிருந்து பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

நீங்கள் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். ஜிம் பக்கமே போகாத ஒரு நண்பருக்கு, உங்கள் உடம்பால் செய்து காட்டாமல், பேச்சால் மட்டும் ஒரு பயிற்சியைக் கற்றுக்கொடுங்கள். போனில் பதிவு செய்துவிட்டுப் பிறகு கேளுங்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களுக்கும் இருக்கும்.

சரி, சான்றிதழுக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சில கதவுகள் அது இல்லாமல் திறக்காது. உலக அளவில் தெரிந்த பெயர்களில் ஒன்று என்எஸ்சிஏ. 1978-இல் அமெரிக்காவில் தொடங்கிய, வலிமைப் பயிற்சியாளர்களுக்கான அமைப்பு. விளையாட்டு வீரர்களுக்கு வலிமைப் பயிற்சி தருபவருக்கான அதன் சிஎஸ்சிஎஸ் தேர்வுக்குக் கல்லூரிப் பட்டம் வேண்டும். தனிப்பட்ட பயிற்சியாளர் தேர்வுக்குப் பட்டம் வேண்டாம். இரண்டுக்குமே சிபிஆர் (இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சி பெற்ற அத்தாட்சியைக் கேட்பார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, இடைப்பட்ட காலத்தில் மேற்கொண்டு என்ன கற்றீர்கள் என்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எந்தக் கோர்ஸையும் இதை வைத்து எடை போடுங்கள்: காலாவதி ஆகிறதா, முதலுதவி கேட்கிறதா, நீங்கள் இன்னொருவருக்குப் பயிற்சி கொடுப்பதை யாராவது கண்ணால் பார்க்கிறார்களா? உங்கள் ஆறு வாரக் கோர்ஸில் இது மூன்றும் இருக்காது என்பது என் ஊகம்.

சிபிஆரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்த வேண்டும். வீடியோவில் பார்க்கும்போது எளிதாகத்தான் தெரியும். பொம்மைமேல் செய்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாறச் சொல்வதும் அதற்காகத்தான்.

இன்னொரு விஷயம், உங்கள் முழங்கால். அது உங்களுக்குப் பெரிய பாடம். ஆனால் "எனக்கு இதுதான் சரியாச்சு" என்று இன்னொருவர் முழங்காலுக்கு அதையே கொடுத்துவிடாதீர்கள். வலி என்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்புங்கள். அனுப்பத் தெரிவதும் தொழில்தான். புரோட்டீன் பவுடர், மாத்திரை விஷயமும் அப்படியே. போட்டிகளில் ஆடுபவரின் உடம்பில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், யார் கொடுத்தது என்பது இரண்டாவது கேள்வி. முதல் பொறுப்பு அவருடையதுதான். நான்கு வருஷம்வரை தடை விழலாம். நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு பெயர் அதற்குக் காரணமாக வேண்டாம்.

வேலை நேரம் உங்களுக்கே தெரியும்: விடியற்காலை, மாலை, நடுவில் வெறுமை. அந்த வெறுமையில் நோட்டு எழுதுங்கள். 'மூன்றாம் வாரம். ஸ்குவாட் 40 கிலோ, மூன்று செட், எட்டெட்டு முறை. கடைசி இரண்டில் வலது குதிகால் எழும்பியது. ராத்திரி தூக்கமில்லை என்றார்.' இப்படி ஆறு மாதம் எழுதிய நோட்டோடு நேர்காணலுக்கு ஒருவர் வந்தால், நான் அவர் சான்றிதழைப் பிறகுதான் பார்ப்பேன். (எழுதுவதில் ருசி கண்டுவிட்டால் ஆட்டப் பகுப்பாய்வு என்றொரு தனிப் பாதையும் இருக்கிறது. 1950-இல் இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்ற விமானப்படைக் கணக்கு அதிகாரி, கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு நகர்வையும் நோட்டில் குறிக்கத் தொடங்கினார். இன்று பெரிய அணிகளில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.)

இப்போதைக்கு, அந்த ஆறு வாரக் கோர்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலுதவிப் பயிற்சிக்குக் கட்டுங்கள். மிச்சத்தில் படங்களோடு ஒரு நல்ல உடற்கூறியல் புத்தகம். உங்கள் ஜிம்மில் இருக்கும் மூத்த பயிற்சியாளரிடம், புதிதாக வருபவரோடு அவர் பேசும் முதல் பத்து நிமிடம் மட்டும் பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும்.