பத்து நிமிட மளிகை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஆர்டர் போட்டுவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குவதற்குள் காலிங் பெல் அடிக்கிறது. வண்டி ஓட்டுகிறவர்களை விரட்டித்தானே இந்த வேகம் வருகிறது?

முழுக்க அப்படி இல்லை. அதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்ல மாட்டேன். பல வருடம் சரக்குக் கிடங்குகளில் வேலை பார்த்தவன் என்பதால் கிடங்கிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் ஆப்பைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கு வைக்காமல், குடியிருப்புகளுக்கு நடுவே சின்னச் சின்னதாகப் பல கிடங்குகளை வைக்கிறார்கள். ‘டார்க் ஸ்டோர்’ என்று பெயர். வாடிக்கையாளர் யாரும் உள்ளே போக முடியாது. ஒரு கிடங்கு தன்னைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டரை மட்டும் பார்த்துக்கொள்ளும். அந்தப் பகுதியில் எந்த நேரத்தில் எது விற்கும் என்று பழைய ஆர்டர்களை வைத்துக் கணித்து, சரக்கை முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள்.

நீங்கள் பணம் கட்டியதும், உள்ளே இருப்பவரின் கைக்கருவியில் பொருளின் பெயரோடு எந்த அலமாரி, எந்தத் தட்டு என்பதும் வந்துவிடும். அதிகம் விற்பவை பேக்கிங் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கும். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு பொருட்களை அடுத்தடுத்து வைக்கக் கூடாது, அவசரத்தில் கை மாறிப்போகும். எல்லாம் சரியாக அமைந்தால் சில நிமிடங்களில் பை தயார்.

சிக்கல் அப்புறம்தான். அலமாரியை மாற்றி அடுக்கலாம், ரோட்டை அடுக்க முடியாது. மழை, சிக்னல், பூட்டிய கேட், வராத லிஃப்ட் எல்லாம் டெலிவரி செய்பவரின் தலையில்தான் விழும். தாமதமானால் அபராதம் இல்லை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனால் டெலிவரி எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் வருமானம் என்றால், யாரும் அதட்டாமலே வண்டி வேகமெடுக்கும். அதனால் விளம்பரத்தில் நிமிடக் கணக்கு இருக்கவே கூடாது என்பது என் கட்சி. இந்தியாவில் 2026 ஜனவரியில், மத்தியத் தொழிலாளர் துறை அமைச்சர் தலையிட்ட பிறகு, பிளிங்கிட் என்ற மளிகை ஆப் தன் விளம்பர வாசகத்திலிருந்து ‘10 நிமிடம்’ என்பதை எடுத்தது. நல்ல காரியம். கூலிக் கணக்கும் மாறினால்தான் அது ரோட்டில் தெரியும்.

டெலிவரிக் கட்டணமே இல்லாமல் கொண்டுவந்து தருகிறார்களே, எப்படிக் கட்டுப்படியாகிறது?

நல்ல கேள்வி, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ‘பிக்லி விக்லி’ என்ற கடை திறந்தது. அதுவரை பொதுவாகக் கடைக்காரர்தான் பொருளை எடுத்துத் தருவார். அங்கே வாங்குகிறவரே கூடையோடு நடந்து எடுத்துக்கொண்டார், கடைக்குச் செலவு குறைந்தது. சூப்பர் மார்க்கெட் விலை மலிவானதற்கு இதுவும் ஒரு காரணம். தேடுவது, எடுப்பது, சுமப்பது எல்லாம் நாம் செய்த வேலை, யாரும் நமக்குச் சம்பளம் தரவில்லை. இப்போது அதே வேலையை இன்னொருவர் செய்கிறார். அவருக்கு யாராவது பணம் தந்தாக வேண்டும்.

நீங்கள் தராவிட்டால், விளம்பரம் கொடுக்கும் பிராண்டுகள் கொஞ்சம் தருகின்றன. மீதியை முதலீட்டாளர் தருகிறார், அவர் கை சோர்கிறவரை. நியூயார்க்கில் 1998-இல் தொடங்கிய கோஸ்மோ என்ற டெலிவரி நிறுவனம், ஒரு மணி நேரத்துக்குள் இலவச டெலிவரி என்றது. 2001-இல் மூடிவிட்டார்கள். இஸ்தான்புல்லில் 2015-இல் பிறந்த கெடிர் என்ற விரைவு மளிகை நிறுவனம், 2022 டிசம்பரில் அதே தொழிலில் இருந்த பெர்லினின் கொரில்லாஸ் நிறுவனத்தையே வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. 2024 ஏப்ரலில் பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா எல்லாவற்றிலிருந்தும் விலகுவதாக அறிவித்து, துருக்கியோடு நிறுத்திக்கொண்டது. ஒரு பாக்கெட்டுக்காக ஓர் ஆள் வந்து போனால் அந்தக் கணக்கு எங்கேயும் நேராகாது. மக்கள் நெருக்கமாக வாழ்ந்து, ஒரே பையில் நிறையப் பொருள் போனால்தான் நிற்கும். அல்லது சுமக்கிறவருக்குக் கொடுப்பதைக் குறைக்க வேண்டும். எனக்கு உறுத்துவது இந்தக் கடைசி வழிதான்.

எங்கள் வீட்டுக்கு அடுத்தே டார்க் ஸ்டோர் வந்துவிட்டது. இரவெல்லாம் வண்டிச் சத்தம். சகித்துக்கொள்ள வேண்டியதுதானா?

வேண்டாம். அது கடையா, கிடங்கா என்று கேளுங்கள். குடியிருப்பில் கடைக்கு ஒரு விதி, கிடங்குக்கு வேறு விதி. ஆம்ஸ்டர்டாம் 2022 ஜனவரியில் புதிய டார்க் ஸ்டோர்களுக்கு ஒரு வருடத் தடை போட்டது. பாரிஸ் மாநகராட்சி செய்த மேல்முறையீட்டில், அவை கிடங்குகளே என்று பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2023 மார்ச்சில் சொல்லிவிட்டது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து உள்ளாட்சிக்கு எழுதுங்கள்.

மனசு உறுத்துகிறது. இந்த ஆப்களை விட்டுவிடலாமா?

விடச் சொல்ல மாட்டேன். நடக்க முடியாதவர்களுக்கும், நோயாளியை விட்டு நகர முடியாதவர்களுக்கும் இது பெரிய உதவி. மற்றவர்கள், தேவைகளைச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். மேப்பில் வீட்டைச் சரியாகக் குறியுங்கள், கேட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டெலிவரி செய்பவர் வண்டியில் வரும்போது ‘எங்கே இருக்கீங்க?’ என்று போன் போடாதீர்கள். முக்கியமாக, தாமதம் என்று அவருக்கு ஒரு நட்சத்திரம் போடுவதற்கு முன், ஆர்டர் எந்த நேரத்தில் கிடங்கை விட்டுக் கிளம்பியது என்று ஆப்பில் தெரிந்தால் பாருங்கள். பேக்கிங்கில் போன நேரத்துக்கு அவர் பொறுப்பில்லை. அந்தப் புகாரை வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்புங்கள்.