கொரியா கார் செய்யக் கற்ற கதை: கேள்வி-பதில்

கேள்வி: தென் கொரியா முன்னேறியது ஏற்றுமதியாலா, இறக்குமதித் தடையாலா?

இரண்டாலும்தான். உள்ளூர்ச் சந்தைக்கு வேலி போட்டார்கள். ஜப்பான் கார்களுக்கு 1999 வரை கதவு திறக்கவில்லை. ஏற்றுமதி செய்பவருக்கோ குறைந்த வட்டியில் கடன். 1960-களில் விக் (பொய்முடி), பிளைவுட் விற்ற காலத்திலேயே அதிபர் பார்க் சுங் ஹீ மாதாமாதம் கூட்டம் போட்டு ஏற்றுமதிக் கணக்குக் கேட்டார். நாமும் 1991 வரை வேலி போட்டவர்கள்தான், கணக்கு மட்டும் கேட்கவில்லை. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். வாங்க ஆள் வரிசையில் நின்றால் எந்த முதலாளி வண்டியை மாற்றுவார்?

கேள்வி: தொழில்நுட்பத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் போதாதா?

வரைபடமும் இயந்திரமும் வந்து சேரும், கைப்பழக்கம் வராது. ஹூண்டாய் 1968-ல் ஃபோர்டு கம்பெனியின் கார்ட்டினா காரின் பாகங்களை இறக்கிப் பூட்டித்தான் தொழிலை ஆரம்பித்தது. ஃபோர்டுடன் கூட்டுப் பேச்சு முறிந்தது. சரி, நாமே செய்வோம் என்று கிளம்பினார்கள். காரின் வடிவத்தை இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோவிடம் வாங்கினார்கள், இன்ஜின் மிட்சுபிஷியுடையது, எல்லாவற்றையும் கோத்துத் தர பிரிட்டனிலிருந்து கார் கம்பெனி நிர்வாகி ஜார்ஜ் டர்ன்புல் வந்தார். 1975 கடைசியில் போனி கார் தயார், அடுத்த வருடமே எக்குவடோருக்குக் கப்பலேறியது.

எனக்குப் பிடித்தது, ஒரே கடையில் வாங்காத அந்தச் சாமர்த்தியம். மொத்தமாக ஒருவரிடம் வாங்கினால் அவர் சொன்னபடி பூட்டிவிட்டுப் போகலாம். நாலு இடத்தில் வாங்கினால் ஒன்றோடொன்று பொருந்தாது, பொருத்தும் வேலை நம் தலையில் விழும். அந்தத் தலைவலியில்தான் கொரியப் பொறியாளர்கள் கற்றார்கள். அப்படியும் சொந்த இன்ஜினான ஆல்ஃபா வந்தது 1991-ல். கார்ட்டினாவிலிருந்து எண்ணினால் 23 வருடம்!

கேள்வி: ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததால் அந்த வித்தை நமக்கும் வந்துவிட்டதா?

பாதி. 1998-ல் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வந்த பிறகு சென்னையைச் சுற்றி உதிரிபாகத் தொழில் பெருகியது. சொன்ன நேரத்தில், சொன்ன தரத்தில் கொடுக்கும் பழக்கம் வந்தது. புது இன்ஜினை எந்த ஊரில் வரைகிறார்கள் என்று பார்த்தால் மீதிப் பாதி புரியும்.

கேள்வி: கொரியா வழியை இன்று பின்பற்றலாமா?

அப்படியே முடியாது. அன்று கொரியா செய்ததுபோல் 'இத்தனை சதவீதம் உள்ளூர்ப் பாகம்' என்று கட்டாயப்படுத்துவது இன்று உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கு முரண். கார் கம்பெனிகளுக்கு இந்தியா போட்ட அப்படியொரு நிபந்தனை 2001-ல் அங்கே தோற்றது. பாலிடெக்னிக்குகளில் ஓடுகிற நிலையில் இயந்திரங்கள், துறைமுகத்தில் தேங்காத சரக்கு, நிற்காத மின்சாரம்: இவற்றுக்கு இன்றும் தடை எதுவும் இல்லை.