ஜூல்ஸின் இளைஞன் எங்கே போனான்?

ஐயா,

‘கூகர் டவுன்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை இப்போதுதான் கடைசிவரை பார்த்து முடித்தேன். மணவிலக்குப் பெற்ற, நாற்பதைத் தாண்டிய ஒரு தாய் தன்னைவிட இளையவனைக் காதலிக்கும் கதை என்று நம்பித்தான் உட்கார்ந்தேன். சில அத்தியாயங்களிலேயே அந்த இளைஞன் காணாமல் போகிறான். பிறகு நண்பர்கள் கூடி ஒயின் குடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இது கோழைத்தனம் இல்லையா? நானும் மணவிலக்குப் பெற்றவள். கல்லூரியில் படிக்கும் மகன் இருக்கிறான். அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாதி கோழைத்தனம். மீதி, தொழில்.

2009 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். அந்தத் தாய், ஜூல்ஸ், கண்ணாடிமுன் நின்று தன் தளர்ந்த சதையைக் கிள்ளிப் பார்க்கிறாள். அந்த வேடத்தில் நடித்த கோர்ட்னி காக்ஸுக்கு அப்போது 45 வயது. ஜூல்ஸுக்கு வீடு விற்றுக்கொடுக்கும் வேலை. அவள் படம் போட்ட விளம்பரப் பலகைகளைப் பள்ளிப் பையன்கள் திருடிக்கொண்டு போகிறார்கள். மகன் டிராவிஸுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. அம்மாவுக்கும் ஓர் உடல் உண்டு என்பதை அறிய நேர்ந்த பிள்ளையின் கூச்சம்; நம்மைச் சிரிக்க வைப்பது அதுதான். எதிர்வீட்டு கிரேசனும் மணவிலக்குப் பெற்றவன். இளம்பெண்களாகப் பார்த்து அழைத்துவருகிறான். அவனைப் பார்த்துக் கூசுவதற்கு அங்கே ஒரு மகன் இல்லை.

‘கூகர்’ என்பது அமெரிக்க மலைச்சிங்கம். இளையவனை விரும்பும் பெண்ணுக்கு அங்கே கொச்சையில் அந்தப் பெயர். நரைத்த பின்னும் அழகாக இருக்கும் ஆணை ‘வெள்ளி நரி’ என்கிறார்கள். அது பாராட்டாம்!

தொழிலுக்கு வருகிறேன். நகைச்சுவைத் தொடருக்கு வாரம் ஒரு புதுச் சிக்கல் வேண்டும். வயது வித்தியாசத்தை வைத்து ஒருமுறை சிரிக்கலாம், இரண்டாம் முறை புன்னகைக்கலாம், மூன்றாம் முறை கொட்டாவிதான். அதைத் தாண்ட வேண்டுமென்றால் அந்த இளைஞனுக்கும் அச்சம், பிடிவாதம், குடும்பம் எல்லாம் கொடுத்து அவனை ஆளாக்க வேண்டும். ஜூல்ஸின் இளைஞனான ஜாஷுக்குக் கிடைத்தது கட்டான உடம்பும் நல்ல சுபாவமும் மட்டுமே. உங்கள் கோபம் நியாயமாவது இங்கேதான். 1975இல் தொடங்கிய ‘ஒன் டே அட் எ டைம்’ தொடரில் இரண்டு பெண்களின் தாயான ஆன் ரோமானோவுக்கும் வயதில் இளைய காதலன் உண்டு. அவளுடைய மணவிலக்கு வழக்கை நடத்திய வக்கீலேதான். அவன் திருமணம் கேட்கிறான். இப்போதுதான் தனியாக நிற்கப் பழகும் அவள் தயங்குகிறாள். கதை அந்தத் தயக்கத்தில் இருந்தது, வயதில் இல்லை.

‘கூகர் டவுன்’ குழுவுக்கும் தங்கள் தவறு தெரிந்திருந்தது. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் லாரன்ஸ் அந்தப் பெயருக்காக வெளிப்படையாகவே வருந்தினார். இரண்டாம் பருவத்திலிருந்து தலைப்பு அட்டையிலேயே தொடரின் பெயரைத் தாங்களே கிண்டல் செய்தார்கள். ஆனாலும் 2015இல் முடியும்வரை, 102 அத்தியாயங்களும் அதே பெயரில்தான் ஓடின. ஜூல்ஸ் எதிர்வீட்டு கிரேசனையே மணந்துகொண்டாள். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இல்லை. ஒயின் அரட்டைகளை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கேதான் அந்த எழுத்தாளர்களுக்குக் கை வந்தது.

ஒன்றில் மட்டும் உங்களோடு முரண்படுகிறேன். இளைஞன் காணாமல் போகவில்லை. மகனாக அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தான். டிராவிஸ் வளர்ந்து காதலிப்பது யாரை? தன்னைவிட மூத்தவளான, அம்மாவின் தோழி லோரியை. அது தெரிய வரும்போது தவித்துப்போவது ஜூல்ஸ். இளையவனைக் காதலித்துப் பார்த்த அதே ஜூல்ஸ்.

கடைசிவரை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இருவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?