காமெடி எங்கே பிறந்தது? – கேள்வி பதில்

கேள்வி: சார், காமெடி என்றால் சிரிப்பு நாடகம் என்றுதான் நினைத்திருந்தேன். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'டிவைன் காமெடி' காவியம் நரகத்தில் தொடங்குகிறது. அதற்கு ஏன் அந்தப் பெயர்?

பதில்: இடைக்கால ஐரோப்பாவில் துன்பத்தில் தொடங்கி நல்லபடியாக முடியும் கதை காமெடிதான். சிரிப்பு கட்டாயமில்லை. தாந்தே சொர்க்கத்தில் முடிக்கிறாரே!

கேள்வி: காமெடியின் தொடக்கம் எங்கே?

பதில்: கிரேக்கத்தில், மதுவின் தெய்வம் டயோனிசஸுக்கு எடுத்த விழாக்களில். லிங்க உருவம் ஏந்திப் போன ஊர்வலப் பாட்டுகளிலிருந்து காமெடி வளர்ந்தது என்கிறார் அரிஸ்டாட்டில். ஆரம்பத்தில் யாரும் அதைப் பெரிதாக மதிக்காததால் அதன் தொடக்கம் தெரியாமல் போயிற்று என்பதும் அவர் சொன்னதுதான். ஏதென்ஸ் பெருவிழாவில் காமெடிக்குத் தனிப் போட்டி வந்தது கி.மு. 486 வாக்கில்.

கேள்வி: தலைவர்களைப் பெயர் சொல்லியே கேலி செய்தார்களாமே, சும்மா விட்டார்களா?

பதில்: எப்போதும் இல்லை. ஏதென்ஸின் காமெடிக் கவிஞர் அரிஸ்டோபனிஸின் ஒரு நாடகத்துக்காக கிளியோன் என்ற தலைவர் அவர்மேல் மன்றத்தில் புகார் கொடுத்தார். கவிஞர் அடங்கவில்லை. கி.மு. 424இல் 'குதிரை வீரர்கள்' வந்தது. டெமோஸ் என்று ஒரு கிழட்டு எஜமான். பெயருக்கே 'மக்கள்' என்றுதான் பொருள். அவரைக் காக்காய் பிடித்துச் சுரண்டும் வேலைக்காரன்தான் கிளியோன். கடைசியில் தெருவில் இறைச்சிக்குழல் (சாசேஜ்) விற்கிற ஒருவன், அவனைவிடப் பெரிய வாயாடி, அவனை வீழ்த்துகிறான். நாடகத்துக்கு முதல் பரிசு. கொஞ்ச நாளில் அதே மக்கள் கிளியோனைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள்! இதைக் காமெடியின் தோல்வி என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நாடகத்தில் ஏமாளி யார்? பார்த்துக்கொண்டிருந்த மக்களேதான். தங்களையே கேலி செய்த நாடகத்துக்குப் பரிசு கொடுத்த ஊர் அது.

கேள்வி: 'பராபசிஸ்' என்கிறார்களே, அது என்ன?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாதி நாடகத்தில் நடிகர்கள் உள்ளே போய்விடுவார்கள். 24 பேர் கொண்ட பாடற்குழு சபையைப் பார்த்துத் திரும்பி, கவிஞரின் குரலாக நேரடியாகப் பேசும். அரிஸ்டோபனிஸின் 'மேகங்கள்' நாடகம் போட்டியில் மூன்றாம் இடம்தான் பெற்றது. பிறகு திருத்தி எழுதிய பிரதியில் பராபசிஸில்தான் அவர் ரசிகர்களிடம் சண்டைக்கே போகிறார். 'தவளைகள்' நாடகத்திலோ, உரிமை பறிக்கப்பட்ட குடிமக்களுக்கு அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிறார். அந்தப் பேச்சுக்காகவே நாடகத்தை மறுபடி மேடையேற்றினார்கள் என்று பழைய குறிப்பு சொல்கிறது.

கேள்வி: அந்தத் துணிச்சல் பிறகு என்ன ஆயிற்று?

பதில்: கி.மு. 404இல் ஏதென்ஸ் போரில் தோற்றது. அடுத்த நூற்றாண்டில் பராபசிஸ் மறைந்தது. பின்னால் வந்த கிரேக்க நாடகக் கவிஞர் மெனாண்டர் காலத்தில் காமெடி வீட்டுக்குள் வந்துவிட்டது: காதல், கஞ்சத் தகப்பன், சாமர்த்தியமான அடிமை. ரோமானிய நாடகாசிரியர்கள் பிளாட்டஸும் டெரன்ஸும் லத்தீனில் எடுத்தாண்டது இந்த வகையைத்தான்.