நாற்று போடுவதிலிருந்து வளவில் நடுவது வரை: கேள்வி பதில்

சரி, தனித்தனியாகக் கேட்டவர்கள் கூடிவிட்டார்கள், எல்லாருக்கும் இன்று ஒரே இடத்தில், கேட்டவரின் ஊர்ப் பெயரைப் போட்டு, பதில் சொல்லிவிடுகிறேன். நான் திருகோணமலைச் சாம்பல்தீவில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று போட்டு விற்கிறவள். இந்த மூன்றிலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். ரோஜா, ஓர்கிட் பக்கம் நான் போவதில்லை. எந்த ஊர், மண் மணலா களியா, கிணற்றுத் தண்ணீர் உவரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். “செடி வாடுது, என்ன செய்ய” என்று மட்டும் எழுதினால் எனக்குச் சாத்திரம் பார்க்கத் தெரியாது.

உவர்மலை: அக்கா, யன்னலோரம் யோகட் கப்பில் தக்காளி போட்டேன். முளைத்து ஒரு கிழமைக்குள் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது. உரம் போடவா?

உரம் வேண்டாம், வெளிச்சம் கொடுங்கள். நம்முடைய வீடுகள் வெயில் உள்ளே வராமல் இருக்கத்தான் தாழ்வாரம் இறக்கிக் கட்டியவை. யன்னலோரம் நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தாலும் முளைக்கு அது இருட்டுத்தான், அதனால் வெளிச்சத்தைத் தேடி நீளுகிறது. அதில் யூரியாவைப் போட்டால் இன்னும் வேகமாக நீண்டு விழும்.

வீட்டுக்குள் ஏன் நாற்று போடுகிறோம் என்பதை முதலில் யோசியுங்கள். குளிர் நாட்டுக்காரர் சூட்டுக்காகப் போடுகிறார்கள். மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடு போதும், அது நமக்கு வருடம் முழுக்க வெளியிலேயே கிடைக்கிறது. நமக்குக் கூரை தேவைப்படுவது மாரி மழைக்கும் கோழிக்கும் அணிலுக்கும் விதையை இழுத்துக்கொண்டு போகிற எறும்புக்கும். ஆகவே விறாந்தையின் விளிம்பு போதும், கிழக்குப் பக்கம் என்றால் இன்னும் நல்லது. முளைக்கும் வரை இருட்டில் இருந்தாலும் பரவாயில்லை, மண்ணுக்கு மேல் முதல் வளைவு தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு எடுங்கள்.

இப்போது நீண்டு நிற்பதைப் பிடுங்கி எறிய வேண்டாம். தக்காளியின் தண்டிலிருந்தும் வேர் வரும், வித்திலை (முளையில் முதலில் விரிகிற இரண்டு இலை) வரைக்கும் மண்ணுக்குள் இறக்கி வேறு கப்பில் வையுங்கள். மிளகாயையும் கத்தரியையும் அப்படி ஆழமாகப் புதைக்காதீர்கள்.

ரொறன்ரோ: இங்கே எப்போது போடுவது அக்கா? அம்மா தையில் போடச் சொல்கிறா.

அம்மா இங்கத்தைக் கணக்கில் சொல்கிறா. உங்களுக்குக் கடைசி உறைபனி மே முதற்பாதி வரை வரலாம், அங்குள்ளவர்கள் மே மாதத்து விக்டோரியா தின விடுமுறையை ஒட்டித்தான் வெளியில் நடுகிறார்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், தக்காளிக்கு 6 முதல் 8 கிழமை, மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10. யன்னல் வெளிச்சம் அங்கே காணவே காணாது. செடிக்கு மேலே சாண் உயரத்துக்குள் எல்ஈடி விளக்கைத் தொங்கவிட்டு ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியவிடுங்கள். நடுவதற்கு முன் ஒரு கிழமையாவது நாற்றை வெளியே வைத்துப் பழக்க வேண்டும், முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இரவில் 12 பாகைக்குக் கீழே போனால் மிளகாய் வளராமல் அப்படியே நின்றுவிடும், உள்ளே எடுங்கள்.

கிண்ணியா: சகோதரி, தும்புத்தூளில் மட்டும் போட்டேன். முளைத்தது, ஆனால் இலை நுனி கருகி வளராமல் நிற்கிறது. கிணறு கொஞ்சம் உவர்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. தும்புத்தூளில் ஏற்கெனவே உப்பு இருக்கும், களப்புத் தண்ணீரில் ஊறிய தேங்காய் மட்டையில் எடுத்தது என்றால் சொல்லவே வேண்டாம். அதற்கு மேல் உவர்த் தண்ணீரையும் ஊற்றுகிறீர்கள். தூளை ஒரு வாளியில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, திரும்ப நல்ல தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று முறை செய்யுங்கள். நல்ல தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைத்தண்ணீர். உவர்க் கிணற்றில் கழுவுவது கழுவாததற்குச் சமம். தூளில் சத்தும் கிடையாது, பாதிக்குப் பாதி நன்றாக மக்கிய கூட்டெரு கலவுங்கள். பச்சை மாட்டுச் சாணம் வேண்டாம்.

பாலையூற்று: நாற்று நீளமாக வளர்ந்து சாய்கிறது, என்ன உரம்?

மேலே உவர்மலைக்குச் சொன்னதுதான்.

தம்பலகாமம்: நேற்று நன்றாக நின்ற கத்தரி நாற்று இன்று அடியில் நூலாகச் சுருங்கி வரிசையாக விழுந்து கிடக்கிறது. பூச்சியா?

பூச்சி இல்லை, நாற்றழுகல். ஈரம் காயாத மண்ணில் இருக்கிற பூஞ்சணத்தின் வேலை. விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. பக்கத்து மண்ணோடு சேர்த்து அள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மண்ணைத் தொட்டுப் பாருங்கள், மேல்மண் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் காலையில். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க ஈரத்தில் நிற்கும். விதையை நெருக்கமாகத் தூவுவதும் இதற்கு ஒரு காரணம். அடுத்த முறை நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிட்டுப் போடுங்கள், அல்லது மேடையை நனைத்து நிறமில்லாத பொலித்தீனால் இறுக்கி மூடி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று கிழமை விடுங்கள்.

குச்சவெளி: பிள்ளை, இந்தக் கப்பு, தும்பு, விறாந்தை எல்லாம் எதுக்கு? நாங்கள் மேடையில் விதையைத் தூவி, ஒரு மாதத்தில் பிடுங்கிக் கட்டாகக் கட்டிக்கொண்டு போய், குழிக்கு இரண்டாக நடுவோம். எங்கட அப்பு காலத்திலிருந்து எம்ஐ 2 மிளகாய் அப்படித்தான் காய்க்குது.

ஐயா, நீங்கள் சொல்வது தோட்டத்துக்குச் சரி. ஆயிரக்கணக்கில் நடுகிறவர் கப்பில் வளர்த்துக் கட்டுப்படியாகாது. ஆனால் நீங்கள் நடுவது எப்போது? ஐப்பசி மழை தொடங்கும்போது. வானம் மூடியிருக்கும், காற்றில் ஈரம் இருக்கும். பிடுங்கும்போது மெல்லிய வேர் எல்லாம் அறுந்துவிடும், இலை விடுகிற தண்ணீரை வேரால் உடனே எடுத்துக் கொடுக்க முடியாது, அதனால்தான் வாடுகிறது. மழைக்காலத்தில் சில நாளில் எழும்பிவிடும். வைகாசியில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது பிடுங்கி நட்டால் எழும்பாது.

குச்சவெளி: கச்சானுக்குள் யார் நடச் சொன்னது? காலம் பார்த்து நடுகிறவனுக்குக் கப்புத் தேவையில்லை. கப்பில் வளர்த்த கன்று வேரைச் சுற்றிக்கொண்டு நிற்கும், நிலத்தில் வைத்தாலும் வெளியே போகாது.

லிங்கநகர்: ஐயா சொல்வது சரி. அதோடு பிளாஸ்ரிக் குப்பை வேறு.

நிலாவெளி: நான் இரண்டு விதமாகவும் நட்டுப் பார்த்தேன், கப்பில் வளர்த்ததுதான் முந்திப் பூத்தது.

குச்சவெளி: முந்திப் பூத்தால் போதுமா தம்பி, காய்க்க வேண்டாமா?

வேர் சுற்றும் என்பதில் ஐயா சொல்வது உண்மை, ஆனால் அது கப்பின் குற்றம் இல்லை, பிந்தி நடுகிறவரின் குற்றம். இங்கத்தைச் சூட்டில் தக்காளியை 3 முதல் 4 கிழமைக்குள், மிளகாயை 4 முதல் 5 கிழமைக்குள் நட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் கடையில் பூவோடு நிற்கிற நாற்றை வாங்காதீர்கள் என்று எப்போதும் கத்துகிறேன். ஏற்கெனவே சுற்றியிருந்தால் அடியில் விரலால் மெதுவாகப் பிரித்துவிட்டு நடுங்கள். பிளாஸ்ரிக் வேண்டாம் என்கிறவர்கள் வாழையிலையைச் சுருட்டிக் கோப்பையாக்கி அப்படியே நடலாம், நிலத்திலேயே மக்கிவிடும். வீட்டில் பத்துக் கன்று நடுகிறவருக்கு ஒரு கன்று செத்தாலும் நட்டம், ஐயாவுக்கு நூறு போனாலும் தோட்டம் தோட்டம்தான். வித்தியாசம் அவ்வளவே.

குச்சவெளி: நூறு போகவிட மாட்டன் பிள்ளை.

சரி ஐயா.

மூதூர்: வெண்டியும் புடோலும் கப்பில் போட்டு நடலாமா?

வெண்டியை நேராக நிலத்தில் ஊன்றுங்கள், ஆணிவேர் மாற்றி நடுவதை விரும்பாது. பயிற்றையும் அப்படித்தான். புடோல், பாகல் என்றால் பையில் போட்டு, இரண்டு இலை வந்ததும் மண் உடையாமல் நடலாம்.

திருக்கடலூர்: அக்கா, என் நாற்று எல்லாம் மெலிந்து நீண்டு...

வெளிச்சம்! மேலே இரண்டு தரம் எழுதியாகிவிட்டது, வாசித்துவிட்டுக் கேளுங்கள் தங்கச்சி.

ஆலடி: ரோஜாப் பதியம் எப்படி?

வேறு ஆளைக் கேளுங்கள்.

உப்புவெளி: எங்கள் வளவு முழுக்க மணல். விறாந்தையில் நன்றாக நின்ற மிளகாய், நட்ட மறுநாளே இலை வெள்ளையாகக் கருகிவிட்டது. தண்ணீர் இரண்டு நேரமும் ஊற்றினேன்.

நிழலில் வளர்ந்ததை ஒரே நாளில் மத்தியான வெயிலில் நிறுத்தியிருக்கிறீர்கள், அது வெயில் சுட்ட அடையாளம். குருத்து பச்சையாக இருந்தால் தப்பிவிடும். அடுத்த முறை நடுவதற்கு முன்பு ஒரு கிழமை காலை வெயிலில் வைத்து ஒவ்வொரு நாளும் நேரத்தைக் கூட்டுங்கள், அந்த நாட்களில் தண்ணீரையும் கொஞ்சம் குறையுங்கள். மணலில் குழியை அகலமாக வெட்டிக் கூட்டெரு கலந்து, முதலில் குழியை நனைத்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். மேற்குப் பக்கம் பூவரசங் குழையோ கிடுகுத் துண்டோ குத்திவிடுங்கள், நாலைந்து நாள் நிழல் போதும். அடியில் வைக்கோல் அல்லது கிளிசரிடியா இலை பரப்பினால் மணல் அவ்வளவு கெதியில் காயாது. நட்ட அன்று மட்டும்தான் மாலையில் தண்ணீர், அதற்குப் பிறகு காலையில், தொட்டுப் பார்த்து.

கன்னியா: பப்பாசி விதை போட்டால் முளைப்பதே இல்லை.

விதையைச் சுற்றியிருக்கிற வழுவழுப்பான தோலைச் சாம்பலில் தேய்த்துக் கழுவிவிட்டுப் போடுங்கள், அது இருந்தால் முளைப்பது பிந்தும். இரண்டு மூன்று கிழமை பொறுமை வேண்டும். எது ஆண் எது பெண் என்று நாற்றில் தெரியாது, குழிக்கு மூன்று நட்டுப் பூ வந்த பிறகு ஆணை வெட்டுங்கள்.

கோட்டை வீதி: எல்லாம் சரியாகச் செய்து நட்டேன். காலையில் பார்த்தால் மான் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

மானுக்கு என்னிடம் மருந்து இல்லை. வேப்பெண்ணெய் தெளி, மிளகாய்த்தூள் போடு என்று யாராவது சொல்வார்கள், ஒரு மழை வந்தால் அதுவும் போச்சு. ஆளுயரத்துக்கு வலை அடியுங்கள், அல்லது மொட்டை மாடியில் பையில் வையுங்கள்.

இறக்ககண்டி: சின்ன வெங்காயம் நாற்று விட்டு நடலாமா, காய் ஊன்றுவதா?

அதைக் குச்சவெளி ஐயாவிடம் கேளுங்கள். இன்னும் இங்கேதான் நிற்கிறார்.