மீட்பு ஸ்லெட்: ஃபோமை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: கோவளம் பக்கம் சர்ஃபிங் கற்றுத்தருகிறோம். ஜெட் ஸ்கீயின் பின்னால் கட்டும், ஆளை ஏற்றி இழுத்துவரும் மெத்தை மாதிரி மிதவையான மீட்பு ஸ்லெட் ஒரே வருடத்தில் தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது. ஒரு கைப்பிடியும் பிய்ந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஃபோமை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. புது ஃபோம் போட்டு, கைப்பிடியைப் பழையபடியே தைத்தால் அதுவும் பிய்யும்.

ஹவாயில் பிரையன் கேயாலானா போன்ற உயிர்காப்பாளர்கள் வழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது: ஓட்டுநர் நீரில் கிடப்பவரின் கையைப் பிடித்து ஸ்லெட்மேல் ஏற்றிவிட்டு, அடுத்த அலை வருவதற்குள் வேகமெடுத்துக் கிளம்புவார். அந்த வெட்டு இழுப்பு முழுக்க, ஏறியவர் பிடித்திருக்கும் கைப்பிடியில்தான் விழும். மேலுறையில் மட்டும் தைத்த கைப்பிடி அதைத் தாங்காது. நாடா ஒரு பக்கக் கைப்பிடியில் தொடங்கி, ஸ்லெட்டின் அடிவயிற்றைச் சுற்றி மறுபக்கக் கைப்பிடி வரை இடுப்புவார் மாதிரி ஒரே துண்டாக ஓட வேண்டும். பாலியெஸ்டர் நாடாவாகக் கேளுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலிப்ரொப்பிலீன் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் பொடிந்துபோகும். நூலும் பாலியெஸ்டர்தான்.

அடுத்து ஃபோம். ‘இம்போர்டட் மரைன் ஃபோம்’ என்று தரகர் கொண்டுவருவது பல நேரம் டிவி பெட்டிக்குள் வரும் பேக்கிங் ஃபோம்தான். நீங்கள் கேட்க வேண்டியது எக்ஸ்எல்பிஇ, அதாவது நீர் எளிதில் ஊறாத, குறுக்கிணைத்த பாலிஎத்திலீன் ஃபோம். பேச்சை நம்பாதீர்கள். நீள அகல உயரம் பத்து சென்டிமீட்டராக ஒரு துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசில் போடுங்கள். 30 கிராமுக்குக் குறைந்தால் வேண்டாம். பிறகு கல் கட்டி இரண்டு நாள் தண்ணீரில் அமுக்கி வைத்து, துடைத்து மறுபடி நிறுங்கள். எடை இரட்டித்தால் தரகரைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஸ்லெட்டின் கொள்ளளவு 150 லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு நீர் புகுந்தாலே 15 கிலோ கூடிவிடும்.

ஃபோம் அடுக்குகளை ரப்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டாதீர்கள், உரிந்து வந்துவிடும். சூட்டுக்காற்றில் உருக்கி ஒட்டுவதுதான் நிற்கும். மேலுறையின் பின்முனையில் வடிகால் துளைகள் விடுங்கள். நீர் எப்படியும் புகும், அது வெளியேற வழி வேண்டும்.

இந்த வடிகால் துளைக்கு விதிவிலக்கு தெர்மாகோல், அதற்குள் நீர் புகவே விடக் கூடாது. சர்ஃப் போர்டுகளில் அது இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஃபைபர் துணியும் எபாக்சியும் சுற்றி, எங்கும் துளையில்லாமல் மூடியிருப்பார்கள். நம் கடற்கரையில் ஃபைபர் படகு கட்டுபவர் கையில் இருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். அதைத் தெர்மாகோல்மேல் ஊற்றினால் கண்ணெதிரே கரைந்து குழியாகும். “எல்லா ரெசினும் ஒன்றுதான் சார்” என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். எபாக்சியே போட்டாலும், பின்னால் கைப்பிடிக்கு ஒரு போல்ட் துளைத்தால் கதை முடிந்தது: மணிகளின் இடுக்கில் நீர் ஊறும், வெளியே தெரியாது. வெயிலில் உள்காற்று விரிந்து மேல்தோல் உப்பும். அதற்குத் திருகித் திறக்கும் காற்றுமூடி ஒன்று வேண்டும். அப்புறம் தினமும் அதைத் திறந்து மூட ஆள் வேண்டும். மீட்பு வேலைக்கு இந்தத் தலைவலி தேவையா?

இழுவை வளையங்கள் 316 எஸ்எஸ், அதாவது உப்புநீரை நன்றாகத் தாங்கும் ரகத் துருப்பிடிக்காத எஃகு. கடைக்காரர் காந்தத்தைக் காட்டி “ஒட்டவில்லை பாருங்கள், நல்ல எஸ்எஸ்” என்பார். உப்புநீரை அவ்வளவு தாங்காத 304 ரகத்திலும் பெரும்பாலும் ஒட்டாது, மலிவான 202-லும் அப்படித்தான். காந்தம் ஒட்டாதது 316 என்பதை நிரூபிக்காது. பில்லில் 316 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

அரசு டெண்டரில் வாங்கினாலும் இதே தொல்லைதான். நீளம், அகலம், நிறம், லோகோ வைக்கும் இடம் எல்லாம் கேட்பார்கள். ஃபோமின் அடர்த்தியைக் கேட்கும் டெண்டரை நான் பார்த்ததில்லை. குறைந்த விலை போட்டவருக்கு ஆர்டர் போகும், ஆறு மாதத்தில் ஸ்லெட் குடோனுக்குப் போகும்.

உங்கள் விஷயத்தில், பழைய உறையைக் கிழித்து ஃபோமை எடை போடுங்கள். ஊறியிருந்தால் முழுக்கத் தூக்கிப்போடுங்கள். காயவைத்து மறுபடி போடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். புதியதை வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கைப்பிடியைத் தூணில் கட்டி, எதிர்ப்பக்கக் கைப்பிடியை இரண்டு பேர் சேர்ந்து வெட்டி வெட்டி இழுத்துப் பாருங்கள்.